சரவாக் நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் பார்க்கும் வேலை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மில் லேப் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். வயது 26, ஊர் பெஸ்தாரி ஜெயா. வீட்டுப் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய் என்றுதான் சொல்வார்கள். 2007-இல் பெயர் மாறிய செய்தி அவர்கள் காதுக்கு எட்டவே இல்லை. தோட்டத்து லயத்தில் பிறந்து, டிப்ளோமா முடித்து, நாலு வருஷமாகச் செம்பனை ஆலை லேப்பில் இருக்கிறேன். பாதி நேரம் எண்ணெய்ச் சோதனை, மீதி நேரம் கழிவுநீர்க் குளங்கள். ஆலையிலிருந்து வரும்போது கை வைக்க முடியாத சூடு, பழுப்பு நிறம், பி.எச். (அமிலத்தைக் காட்டும் எண், 7-க்குக் கீழே போனால் அமிலம்) 4 சொச்சம், பி.ஓ.டி. (அழுக்கைத் தின்னக் கிருமிக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 20,000 மில்லிகிராமுக்கு மேல். குளம் குளமாக இறங்கி ஆற்றுக்குப் போகும்போது பி.ஓ.டி. 100-க்குக் கீழே வந்திருக்க வேண்டும். அந்த வாசனையோடு வீட்டுக்குப் போனால் அம்மா பின்வாசலைக் காட்டுவார்.

இப்போது சரவாக்கில் ஒரு திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் சுற்றுச்சூழல் உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் இங்கே வாங்குவதைவிட ஆயிரத்து இருநூறு வெள்ளி கூடுதல். அடுத்த மாதம் சேர வேண்டும். நேர்முகத்தில் ஒருவர், "பி.எச். எடுக்கத் தெரியும், சரி. அசிடிட்டி எடுப்பாயா?" என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதானே என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார். அப்படியும் வேலை கொடுத்துவிட்டார்கள், அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

வீட்டில் வேறு பிரச்சினை. எங்கள் தாத்தா பத்து ஆராங்கில் கரி வெட்டியவர். "அவர் இருமி இருமிப் போனது போதாதா" என்று அம்மா இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் கரி வெட்டப் போகவில்லை, தண்ணீர் பார்க்கப் போகிறேன் என்றால், "கரியில் ஏது தண்ணீர்" என்கிறார். உண்மையைச் சொன்னால் எனக்கும் சரியாகத் தெரியாது. அங்கே தினமும் என்ன வேலை இருக்கும்? எதைப் படித்துக்கொண்டு போக வேண்டும்?

லோரி அண்ணன்:

தம்பி, முதலில் சரவாக் வேலை பெர்மிட்டைக் கையில் வாங்கு. நாம் மலேசியர்தான், ஆனால் தீபகற்பத்திலிருந்து போகிறவனுக்கு அங்கே பெர்மிட் வேண்டும். அது வராமல் விமானம் ஏறாதே. நான் ஏறினேன், பதினோரு நாள் ஹோட்டலில் உட்கார்ந்திருந்தேன்.

நான் அங்கே ஆறு வருஷம் பெரிய லோரி ஓட்டினேன். தண்ணீர் பார்க்கிற ஆளை யாருக்கும் பிடிக்காது, அதை மட்டும் தெரிந்துகொண்டு போ. கறுப்புப் பாறையை எங்கே கொட்ட வேண்டும் என்று சிவப்புக் கொடி நட்டு வைத்திருப்பார். அது தூரமாக இருக்கும். இரவு ஷிப்டில் டிரிப் கணக்குப் பார்க்கிறவன் அவ்வளவு தூரம் போவானா? பக்கத்து மேட்டில் கவிழ்த்துவிட்டு வந்துவிடுவோம். மறுவருஷம் அந்த மேட்டு அடிவாரத்தில் காவித் தண்ணீர் கசிந்தது. அது என் லோரியாகவும் இருக்கலாம். அப்போது எங்களுக்கு யாரும் காரணம் சொல்லவில்லை, கொடியை மட்டும் காட்டினார்கள்.

பத்து ஆராங் பேத்தி:

என் பாட்டியும் அங்கேதான் இருந்தார், அதனால் எழுதுகிறேன். 1915-இல் தொடங்கிய சுரங்கம் 1960-இல் மூடியது. ரயிலுக்கும் மின்நிலையத்துக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் கரி போனது. அப்புறம் எண்ணெய் வந்தது, கரி வேண்டாம் என்றாகிவிட்டது. மூடியவர்கள் போய்விட்டார்கள், பள்ளங்கள் மட்டும் அப்படியே நின்றன. இன்றைக்குப் போனால் ஏரி மாதிரி அழகாக இருக்கும், கல்யாண ஜோடிகள் படம் எடுக்கிறார்கள். விளிம்பிலிருந்து நேரே ஆழம். சின்ன வயதில் எங்களை அந்தப் பக்கமே விடமாட்டார்கள்.

உங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய ஈயக் குட்டைகளின் தண்ணீரைச் சிலாங்கூர் ஆற்றுக்கு இறைக்கும் ஏற்பாடு வந்ததைப் பார்த்தீர்கள்தானே. 2014 வறட்சியில் குழாயில் பங்கீட்டுத் தண்ணீர் வந்தபோது எல்லாருக்கும் அந்தக் குட்டைகள் நினைவுக்கு வந்தன. தோண்டியபோது யாராவது அதை நினைத்தார்களா? சுரங்கத்தில் "தண்ணீர் பார்க்கும்" வேலை என்றால் அறிக்கையில் கையெழுத்துப் போடும் வேலையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாக் ஆயிர்:

தம்பி, நான் இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில் 14 வருஷம் இதே வேலை பார்த்தவன். அங்கே என்னைப் பாக் ஆயிர் என்றுதான் கூப்பிடுவார்கள், தண்ணீர் ஐயா என்று வைத்துக்கொள். இப்போது புக்கிட் ரோத்தான் பக்கம் ஆடு வளர்க்கிறேன். மகள்தான் இந்தப் பக்கத்தைக் காட்டினாள். நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்.

உன் ஆலைக் குளத்தில் இருப்பது உயிருள்ள அழுக்கு. நேரம் கொடுத்தால் கிருமி தின்று தீர்த்துவிடும். சுரங்கத்தில் வருவது மண், இரும்பு, மாங்கனீசு, அமிலம். அதைத் தின்ன ஆள் கிடையாது. இருக்கிற ஒரு கிருமியும் பாறையிலிருந்து அமிலம் உண்டாவதை வேகப்படுத்துகிற கிருமி. ஆகவே பி.ஓ.டி.யை மறந்துவிடு.

பேத்தி சொன்ன கையெழுத்து வேலையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நான் சேர்ந்த முதல் சுரங்கத்தில் அதுதான் நடந்தது. சேர்ந்து மூன்றாம் மாதம், பெருமழைக்கு மறுநாள், ஆற்றுக்குக் கீழே இருந்த கிராமத்துத் தலைவர் ஒரு மினரல் வாட்டர் போத்தலை மேலாளர் மேஜையில் வைத்தார். உள்ளே பால் ஊற்றிய தே மாதிரித் தண்ணீர். மேலாளர், "மழைக்காலத்தில் உங்கள் ஆறு எப்போதும் இப்படித்தானே" என்றார். தலைவர், "என் அப்பா காலத்தில் அடியில் கிடக்கிற கல் தெரியும்" என்றார். இரண்டு பேர் பக்கமும் எழுத்தில் ஒன்றும் இல்லை. தோண்டும் முன்னே அந்த ஆறு எப்படி இருந்தது என்று ஒருவரும் அளந்து வைக்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். என் புத்தகத்தில் மூன்று மாதக் கணக்குதான் இருந்தது, மூன்றும் தோண்டிய பிறகு எடுத்தவை. தலைவர் போத்தலை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அது என் லேப் அலமாரியில் நாலு வருஷம் இருந்தது. மண் அடியில் தங்கி மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது, யாரும் எடுத்து வீசவில்லை.

ஆகவே போனதும் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி: "தோண்டும் முன் எடுத்த கணக்கு எங்கே?" ஒரு வருஷமாவது இருக்க வேண்டும், வறண்ட மாதமும் மழை மாதமும் சேர்த்து. சுரங்கத்துக்கு மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம், பக்கத்தில் நீண்ட வீடுகள் இருந்தால் அவர்கள் குழாய் போட்டுத் தண்ணீர் எடுக்கிற ஓடை. பி.எச்., கலங்கல், இரும்பு, மாங்கனீசு, சல்ஃபேட் எல்லாம் எடுத்திருப்பார்கள். எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதைப் பலர் விட்டுவிடுவார்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு என்று மட்டும் எழுதினால் பயன் இல்லை. வாளி அளவு ஓடையில் 2-உம் ஆற்றில் 2-உம் ஒன்றா? சின்னக் கசிவுக்கு வாளியும் கைக்கடிகாரமும் போதும். பத்து லிட்டர் வாளி எத்தனை வினாடியில் நிறைகிறது என்று பார்த்து எழுது. இனிமேல் வெட்டப்போகிற இடம் ஏதாவது பாக்கி இருந்தால் அங்கே இன்றைக்கே எடுக்க ஆரம்பி, யாரும் சொல்லக் காத்திருக்காதே.

அடுத்து மழை. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்: 1 ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 10 கன மீட்டர் தண்ணீர். நம் பக்கம் ஒரு சாயங்கால மழை 100 மில்லிமீட்டர் கொட்டுவது அதிசயமில்லை. 50 ஹெக்டேர் வெட்டிப் போட்ட இடத்தில் விழுந்தால் 50,000 கன மீட்டர், பெரும்பகுதி மண்ணோடு இறங்கும். சுரங்கத்துக்கு மேலே 200 ஹெக்டேர் காட்டுச் சரிவு இருக்கிறது என்று வை. அந்தத் தண்ணீரும் உள்ளே வந்து சேற்றில் கலந்தால், மண்ணைத் தங்கவைக்க நாம் கட்டுகிற எந்தக் குளமும் தாங்காது. அதனால் வெட்டும் முன்பே மேட்டைச் சுற்றி ஒரு கால்வாய் போட்டு, நல்ல தண்ணீரை நல்ல தண்ணீராகவே ஓடைக்குத் திருப்பிவிட வேண்டும். செலவு குறைந்த வேலை இதுதான், எல்லாரும் தள்ளிப்போடுகிற வேலையும் இதுதான். எங்களிடம் ஒரு தடவை எக்ஸ்கவேட்டரைக் கரியிலிருந்து எடுக்க மனமில்லாமல் இரண்டு வாரம் கால்வாயைத் தள்ளினார்கள். பத்தாம் நாள் இரவு கீழ்க் குளத்தின் கரை வழிந்து, விடிவதற்குள் உடைந்தது. அதைத் தூர்வாரிக் கட்ட ஆறு வாரம் அதே எக்ஸ்கவேட்டர் நின்றது.

குளம் எவ்வளவு பெரிதாக வேண்டும்? அமெரிக்காவில் 10 வருஷத்துக்கு ஒரு முறை வரக்கூடிய 24 மணி நேர மழையை வைத்து வண்டல் குளத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்த நாட்டுத் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கச் சட்டம் 1977-இல் வந்தது. நம் செம்பனை ஆலைக் கழிவுநீர் விதிகளும் அதே 1977-தான், பார்த்தாயா. ஆனால் பெரிய குளம் கட்டிவிட்டுத் தூர்வாராமல் விட்டால் என்ன பிரயோஜனம்? பாதி சேறு நிறைந்த குளம் பாதிக் குளம். நடுவில் ஒரு கம்பு நட்டு, சேறு எந்த அளவுக்கு வந்தால் வார வேண்டும் என்று சிவப்புப் பெயின்ட் அடித்து வை. பெயின்ட் மறைந்ததும் படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பு. வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

கலங்கல் தெளிய ஆலம் போடுவார்கள், மண்ணைத் திரட்டிப் படியவைக்கிற உப்பு. எவ்வளவு போட வேண்டும் என்று ஜாடிகளில் பார்க்கிற ஜார் டெஸ்ட் உனக்குத் தெரிந்திருக்கும். ஆலம் பி.எச்.சையும் இறக்கும், ஏற்கனவே அமிலத் தண்ணீராக இருந்தால் கவனம்.

இனி லோரி அண்ணன் சொன்ன கறுப்புப் பாறை. அண்ணே, நீங்கள் ஒப்புக்கொண்டதற்கு நன்றி. நான் பதினாலு வருஷம் கத்தியது உங்களைப் போன்றவர்களிடம்தான். கரிக்கு மேலேயும் அடியிலேயும் வருகிற கறுப்புப் பாறையில் பைரைட் இருக்கும், இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. மண்ணுக்குள் இருக்கிற வரை சும்மா இருக்கும். வெட்டி வெளியே போட்டால் காற்றும் மழையும் பட்டுக் கந்தக அமிலமாகும், இரும்பும் கரைந்து வரும். ஓடைக் கல்லில் பிடிக்கிற அந்தக் காவி, கரைந்த இரும்பு துருவாகப் படிவது. ஒரு தடவை தொடங்கிவிட்டால் பல பத்து வருஷம் நிற்காது. சுரங்கம் மூடி, லோரி போய், நானும் நீயும் போனாலும் கசிந்துகொண்டே இருக்கும்.

அதனால் பாறையை வெட்டும் முன் துளை போட்டு எடுத்த மாதிரியைச் சோதிப்பார்கள். பொடியாக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிப் பொங்கவிட்டு, ஆறிய பிறகு பி.எச். பார்ப்பது ஒரு சோதனை. 4.5-க்குக் கீழே போனால் அது கெட்ட பாறை. இன்னொன்று கணக்கு: பைரைட்டாக உள்ள கந்தகம் 1 விழுக்காடு என்றால், 1,000 டன் பாறைக்கு 31.25 டன் சுண்ணாம்புக்கல் இருந்தால்தான் அமிலத்துக்குச் சரிக்குச் சரி. இதை ஒரு தாளில் எழுதி லோரிக்காரர்கள் பசியாறும் கொட்டகையில் ஒட்டினேன், 31 டன் என்றால் எத்தனை லோரி, எத்தனை வெள்ளி என்று. அப்புறம்தான் கொடிக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. கெட்ட பாறையை நடுவில் வைத்துச் சுற்றிலும் களிமண்ணை இறுக்கிக் காற்றும் தண்ணீரும் புகாமல் அடைக்கலாம். அல்லது பள்ளத்தில் நிரந்தரமாகத் தண்ணீருக்கு அடியில் போகிற ஆழத்தில் போடலாம். காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு, தண்ணீரில் கரைந்திருப்பது லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுதான். பைரைட் மூச்சு முட்டி அடங்கிவிடும்.

மேல் மண்ணைத் தனியாக எடுத்து வைப்பது, பள்ளத்தை நிரப்பிச் சரிவைத் தணிப்பது, கொடிப்பயிர் போடுவது இதெல்லாம் உனக்குப் புதிதே இல்லை. உன் தோட்டத்தில் செம்பனை மறுநடவு செய்யும்போது முக்குனாவும் பியூராரியாவும் படரவிட்டிருப்பார்கள், அதே கொடிகள்தான். என் அப்பா கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பால்மரங்களுக்கு இடையே சரிவில் மண்குழி வெட்டியவர், கூலி குழிக்கு இவ்வளவு என்று. ஓடுகிற மழைநீர் குழியில் நின்று, மண்ணை விட்டுவிட்டு ஊறும். கலிமந்தானில் ஜெர்மன் படிப்புப் படித்த ஒரு பொறியாளர் திரையில் படம் போட்டு அதையே விளக்கினார். ஐயா, இது எங்கள் அப்பா வெட்டிய குழி என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

மில் லேப் பையன்:

ஐயா, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மண்குழி வந்த இடத்தில், "உன் பாட்டிகூட வெட்டியிருக்கிறார், மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது" என்றார். இரண்டு வாரத்தில் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம்.

இரண்டு கேள்வி. அந்த அசிடிட்டி விஷயம் இன்னும் புரியவில்லை. அப்புறம், தண்ணீர் எந்த அளவுக்குள் இருக்க வேண்டும்? ஆலையில் எங்களுக்கு ஒரே தாளில் எல்லாம் இருக்கும்.

பாக் ஆயிர்:

அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்.

அளவு நாட்டுக்கு நாடு வேறு. இந்தோனேசியாவில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு எங்களுக்கு இருந்தது: பி.எச். 6 முதல் 9 வரை, இரும்பு 7, மாங்கனீசு 4, மிதக்கிற திடப்பொருள் 400, எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம். அமெரிக்காவில் அமிலத் தண்ணீர் வருகிற பழைய சுரங்கங்களுக்கு ஒரு நாள் உச்சம் இரும்பு 7, மாங்கனீசு 4, திடப்பொருள் 70. மாதச் சராசரி அதில் பாதி. இரும்பு ஒன்றுதான், திடப்பொருளில் வித்தியாசத்தைப் பார். 400 என்றால் கண்ணுக்கே கலங்கல் தெரியும். சட்டத்துக்கு உட்பட்ட தண்ணீர், ஆனால் அந்தத் தலைவர் மறுபடி போத்தலோடு வந்திருப்பார். உன் சுரங்கத்துக்கு எந்த அளவு என்பது அனுமதி நிபந்தனைகளில் இருக்கும். முதல் வாரமே கேட்டு வாங்கி நீயே வாசி, மற்றவர் சொல்லும் சுருக்கத்தை நம்பாதே.

அசிடிட்டி. நேர்முகத்தில் கேட்டவர் வேலை தெரிந்தவர், அவரை விடாதே. மண் மேட்டின் அடியில் ஒரு கசிவு. கண்ணாடி மாதிரித் தண்ணீர், பி.எச். 6. நல்லது என்று எழுதிவிட்டுப் போய்விடுவாய். அதே தண்ணீரைப் பாதி போத்தலில் பிடித்துக் குலுக்கி மேஜையில் வை. மறுநாள் ஆரஞ்சு, பி.எச். 3.5. என்ன நடந்தது? மண்ணுக்குள் காற்று இல்லாததால் இரும்பு கரைந்த நிலையில் ஒளிந்திருந்தது. காற்றுப் பட்டதும் துருவாக மாறிப் படிந்தது, படியும்போது அமிலத்தை வெளியே விட்டது. பி.எச். இப்போது கையில் இருக்கிற காசு மாதிரி, அசிடிட்டி இனி கட்ட வேண்டிய கடனையும் சேர்த்த கணக்கு. அதனால்தான் பெராக்சைடு ஊற்றிச் சூடாக்கி, ஒளிந்திருப்பதையெல்லாம் வெளியே வரவைத்து, அப்புறம் காரம் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பார்கள். எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும் என்பதை அந்த எண்தான் சொல்லும். பி.எச்.சை மட்டும் பார்த்துச் சுண்ணாம்பு போட்டவர்கள் குளத்தில் 7 காட்டி, ஆற்றில் 4 ஆக்கியிருக்கிறார்கள். பி.எச். 6-லிருந்து 3-க்குப் போவது மூன்று படி இல்லை, ஆயிரம் மடங்கு.

மாங்கனீசு தலைவலி. இரும்பு பி.எச். 7, 8-இல் காற்றடித்தால் இறங்கிவிடும். மாங்கனீசு சுண்ணாம்பால் இறங்க 9-க்கு மேலே போக வேண்டும். விடக்கூடிய உச்சமோ 9. இறக்கிய பிறகு மறுபடி பி.எச்.சைத் தணிக்க வேண்டும். அதற்குள், முன்னே படிந்திருந்த அலுமினியம் திரும்பக் கரைந்துவிடும். நாங்கள் கடைசிக் குளத்துக்கு அப்புறம் சுண்ணாம்புக்கல் சல்லி பரப்பி மெல்ல ஓடவிட்டோம். சில மாதத்தில் கல்மேல் கறுப்பாகப் படிந்தது, மாங்கனீசைப் பிடிக்கிற கிருமியின் வேலை. முன்னே கிருமியைத் திட்டினேன், இந்த விஷயத்தில் அது நம் கட்சி. ஆனால் இரும்பு உள்ள தண்ணீரை அந்தக் கல்லில் விடாதே. துரு மூடிக் கல் வேலை செய்யாது.

நிலத்தடி நீர் பற்றிச் சொல்ல மறந்தேன். பள்ளம் ஆழமாக ஆழமாகச் சுற்றியுள்ள தண்ணீர் அதை நோக்கி இறங்கும், அதை இறைத்துக்கொண்டே இருப்பார்கள். பக்கத்துக் கிணறும் ஊற்றும் வற்றலாம். கண்காணிப்புக் குழாய்களில் மாதம் ஒரு தடவை நாடா இறக்கி, தண்ணீர் தொட்டதும் பீப் சத்தம் வரும், அந்த ஆழத்தை எழுதுவாய். சலிப்பான வேலை, கொசு வேறு. ஆனால் ஒரு மாதம்கூட விடாதே. இறைப்பதை நிறுத்தினால் தண்ணீர் மேலே ஏறும், அதற்கு வருஷக்கணக்கு. ஏறும் தண்ணீர் பழைய தண்ணீர் இல்லை. உடைத்து நிரப்பிய பாறைக்கு நடுவே வருவதால் சல்ஃபேட்டும் உப்பும் கூடியிருக்கும்.

பத்து ஆராங் பேத்தி:

கையெழுத்து வேலை என்றதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. கம்பெனி போன பிறகு யார் பார்ப்பது? பத்து ஆராங்கில் யாரும் பார்க்கவில்லை.

பாக் ஆயிர்:

நியாயமான கேள்வி. 1960-இல் மூடியவர்களைப் பள்ளம் நிரப்பு என்று கட்டாயப்படுத்தும்படி ஏதும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் வேலை பார்த்த மாநிலத்தில் சமாரிண்டா நகரைச் சுற்றி, சட்டம் இருந்தும் மூடாமல் விட்ட கரிப் பள்ளங்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மூழ்கிச் செத்திருக்கிறார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். காகிதம் மட்டும் போதாது என்பதை அங்கே கண்ணால் பார்த்தேன்.

அமெரிக்கச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒன்று, தோண்டும் முன்னே பணம் கட்டி வைக்க வேண்டும். பள்ளத்தை நிரப்பிச் சரிவும் வடிகாலும் சரிசெய்தால் அதில் 60 விழுக்காடு வரை திரும்பும். மீதி அடுத்தடுத்து. கடைசியாக விதை போட்ட பிறகு மழை உள்ள இடத்தில் 5 வருஷம், வறண்ட இடத்தில் 10 வருஷம் பொறுப்பு நீடிக்கும். நிலத்திலிருந்து வண்டல் ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தால் அந்த மீதிப் பணம் நகராது. பக்கத்து வீட்டுக் கிணறு கெட்டுப்போனால் மாற்றுத் தண்ணீர் அவர்களே கொடுக்க வேண்டும். 1977-க்கு முன்னால் கைவிட்ட பள்ளங்களுக்கு, இப்போது கரி எடுக்கிறவர்களிடம் டன்னுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார்கள். ஆரம்பத்தில் திறந்தவெளிக் கரிக்கு 35 சென்ட். அங்கேயும் கம்பெனி திவாலாகிக் கட்டிய பணம் போதாமல் போனதுண்டு, சொர்க்கம் என்று சொல்லவில்லை. ஆனால் பணம் முன்னே இருந்தால் மேலாளர் குரல் மாறும். எங்கள் ஆள் குரலும் மாறியிருக்கும்.

லோரி அண்ணன்:

நான் கவிழ்த்த மேடு இப்போது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் முதல் தடவை நினைத்துப் பார்க்கிறேன். தம்பி, உன் இடத்துக்குப் பக்கம்தான் அது. போனால் வடக்கு மூலையைப் பார். மூன்றாவது மேடு.

மில் லேப் பையன்:

பார்க்கிறேன் அண்ணே, வாளியோடு போகிறேன்.

பாக் ஆயிர் ஐயா, இந்த ஞாயிறு புக்கிட் ரோத்தான் வரலாமா? நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிவிட்டேன். அம்மாவும் வருவதாகச் சொல்கிறார், ஆடு பார்க்கவாம்.

பாக் ஆயிர்:

வா. காலையில் வா, பசியாற இங்கேயே. உன் லேப் மீட்டரை இரவல் கேட்டு எடுத்து வா, மீட்டரைச் சரிபார்க்கிற 4-உம் 7-உம் பஃபர் கரைசல் இரண்டும் மறக்காதே. என் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் போன மாதத்திலிருந்து கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது. ஒரு போத்தலில் பாதி பிடித்து மூடி அலமாரியில் வைத்திருக்கிறேன், நாலு நாள் ஆகிறது. நீ வந்து பார்க்கும் வரை தொடமாட்டேன்.